ஜரிகைமீசை வாய் திறந்த நாள்

ஒரு தெருவில் இருபது வருடம் குடியிருந்தவனுக்கு அந்தத் தெருவைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக் குழாயில் முதலில் தண்ணீர் வரும், யார் வீட்டுத் தறி ஞாயிற்றுக்கிழமையும் ஓயாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். எந்த வீடு பூனை, எந்த வீடு குரங்கு என்பது. அது தெரியாததால், நல்லபடி நடக்கவிருந்த ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரே பிற்பகலில் கலைக்கப் பார்த்தேன். அதுவும் கையில் மைக்கோடு.

நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் முசரவாக்கத்துக்காரன். விவசாயக் குடும்பம். அதில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். ஏறியவன் இறங்காமல் அங்கேயே ஆங்கிலப் பேராசிரியராக உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். கடல் கடந்த ஒரு தீவில் முன்னொரு காலத்தில் இரண்டு மதப் பிரிவுகள் எதற்காக அடித்துக்கொண்டன என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் பிரிவு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. (இதைப் பெருந்தன்மை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது சோம்பேறித்தனம் என்று நினைக்கிறேன்.)

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ராகவாச்சாரி. சின்ன காஞ்சிபுரத்தில் நான் வீடு வாங்கி வந்த நாளிலிருந்து நண்பர். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே செய்தித்தாள்தான். காலையில் அவர் வீடு, பத்து மணிக்கு மேல் என் வீடு. குறுக்கெழுத்தில் அவர் தப்பாகப் போட்டதை நான் திருத்துவேன். நான் திருத்தியது தப்பு என்று மறுநாள் விடையைக் காட்டுவார். இதைவிட நெருக்கமான நட்பு எனக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை.

கதைக்குள் போகுமுன், பிற்பாடு எனக்கு இரண்டு காதிலும் இரண்டு பெரியவர்கள் ஓதியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைணவர்களில் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவு. பெருமாள் நம்மை எப்படிக் காப்பாற்றுகிறார் என்பதில் இரண்டு கட்சி. குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்கிறதே, அப்படி நாம்தான் அவரைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டி தன்பாட்டுக்குக் கிடக்கிறது, தாய்ப்பூனை வாயால் கவ்வித் தூக்கிப் போகிறதே, அப்படி அவரே பார்த்துக்கொள்வார் என்பது தென்கலை. பெரிய பெரிய பண்டிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடிய விஷயம். ஆகையால் எங்கள் தெருவில் பூனை என்றால் வெறும் பூனை இல்லை, குரங்கு என்றால் வெறும் குரங்கு இல்லை. எனக்கு மட்டும் குரங்கு என்பது, கோயில் வாசலில் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய் கோபுரத்தின் மேல் உட்கார்ந்து போட்டுப் பார்த்த ஜந்து. அவ்வளவுதான்.

என் இலக்கிய வாழ்க்கை அந்தக் கண்ணாடியிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு கோடை விடுமுறையில் என் பேத்தி தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்களோடு வந்து இறங்கினாள். விலங்குகள் கவசம் மாட்டிக்கொண்டு சண்டை போடும் கதைகள். ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். நரி ஒன்று பனிமலையில் நின்று மூன்று பக்கத்துக்கு வசனம் பேசியது. காஞ்சிபுரத்துக்கு இப்படி ஒரு தொடர் இல்லையே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. (அப்போது எனக்கு வயது அறுபத்தெட்டு. எதற்கு எடுத்தாலும் ரத்தம் கொதிக்கும்.) அன்று மாலையே ஜரிகைமீசை பிறந்தான்.

ஜரிகைமீசை ஒரு பூனை. நெசவாளர் வீட்டுத் தறிக்குழியில் பிறந்தவன். கண் திறக்கும் முன்பே ஜரிகை நூலில் சிக்கி உருண்டதால் அவன் மீசையில் ஒரே ஒரு மயிர் தங்கமாகிவிட்டது. ஆபத்து வந்தால் அது மின்னும். குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நெசவு நாடாதான் அவனுக்கு ஓடம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் அதுதான் சாட்டை. போரில் குதிக்கும்போது "பாவு அறுந்தாலும் பல் விடாது!" என்று முழங்குவான். எதிரி யார்? கோபுரத்தில் கோட்டை கட்டியிருக்கும் குரங்கரசன் கண்ணாடிவர்மன். திருடிய மூக்குக் கண்ணாடியைக் கிரீடமாகச் சூடியவன்.

ஞாயிறுதோறும் மாலையில் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அத்தியாயத்தைக் குரல் பதிவாக அனுப்புவேன். பூனைக்கு ஒரு குரல், குரங்குக்கு ஒரு குரல், இடியும் மழையும் என் வாயாலேயே. முதல் மாதமே தெருப் பிள்ளைகள் "பல் விடாது!" என்று கத்திக்கொண்டு சைக்கிள் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு நடையே மாறிவிட்டது. கடைத்தெருவில் யாராவது என்னைப் பார்த்தால், அடையாளம் தெரிந்துகொள்ளட்டும் என்று சற்று நின்று போவேன்.

சில விசித்திரங்களைக் கவனிக்கத்தான் செய்தேன். சில வீடுகளிலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கட்டைவிரல் குறிகள் குவியும். ஒரு வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் புளியோதரை வரும். இன்னும் சில வீடுகள், குரங்கரசன் தோற்கும்போதெல்லாம், சத்தமில்லாமல் குழுவைவிட்டு விலகும். புளியோதரையை வாசகர் அன்பு என்றும், விலகியவர்களைப் போனில் இடம் போதாதவர்கள் என்றும் எடுத்துக்கொண்டேன். ராகவாச்சாரி ஒருமுறை, செய்தித்தாளைக் கொடுக்கும்போது, "குரங்கு பாவம் சார்" என்றார்.

"அது வில்லன் சார். வில்லனிடம் பரிதாபம் வந்தால் அது என் எழுத்தின் வெற்றி" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் குறுக்கெழுத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

இனி வைதேகி. ராகவாச்சாரியின் ஒரே பெண். பள்ளி நாளில் என்னிடம் ஆங்கில இலக்கணம் கற்றவள். இப்போது சென்னையில் வேலை. கூட வேலை செய்யும் முகுந்தனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். அதே வைணவம், அதே படிப்பு. ஆனால் முகுந்தன் தென்கலை, இவர்கள் வடகலை. அப்பாவின் சம்மதத்துக்காக ஆறு மாதம் அவரிடம் பேசாமல் இருந்தாள். பலிக்கவில்லை. அடுத்த ஆறு மாதம் ஓயாமல் பேசினாள். அது பலித்தது. பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒவ்வொன்றாகச் சமரசம் செய்துகொண்டார்கள். பத்திரிகையில் எந்த நாமம் போடுவது என்ற பிரச்சினை மாத்திரம் ஒரு மாதம் ஓடி, நாமமே வேண்டாம், சங்கும் சக்கரமும் போதும் என்று முடிந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது "ஏதோ கல்யாணப் பேச்சு" என்ற அளவில்தான் தெரியும். ஆனால் அந்தப் பெண் எவ்வளவு பாடுபட்டு அந்த நாளை எட்டினாள் என்பது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் இன்றும் மனது உறுத்துகிறது.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தெருக்கோடியில் இருந்த சின்னக் கல்யாண மண்டபத்தில். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். தட்டு மாறிவிட்டால் சம்பந்தம் உறுதி. மாறாவிட்டால், இத்தனை சமரசத்துக்குப் பிறகு இன்னொரு நாள் இரண்டு கூட்டமும் கூடும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கிளம்பும்போது என் மனைவி சரோஜா சொன்னாள். மாகறல் பக்கத்துப் பெண். நான் முப்பது வருடம் கல்லூரியில் பேசியதை இரண்டு வாக்கியத்தில் பேசிவிடுவாள்.

"இன்னாங்க, அங்க போய் யாராச்சும் கேட்டா உடனே கதை சொல்லிக்கினு நிக்காதீங்க. நல்ல காரியம் நடக்கிற எடத்துல பூனை வேணாம்."

"பூனை குறுக்கே போனால் சகுனத் தடை என்கிறாயா? இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மூடநம்பிக்கையா?"

"சகுனம் கெடக்குது. நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க. அதச் சொல்றேன்."

மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றி மண்டபம் போகும் வரையில் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டே வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் பஞ்சர். இரண்டு மணிக்கு வரவேண்டியவர்கள் மூன்றாகியும் வரவில்லை. நாதஸ்வரக்காரர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மேடையில் பிள்ளைகளின் ராஜ்ஜியம். ஒரு மாலை பாதியாகிவிட்டிருந்தது. வைதேகி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"மாமா, ப்ளீஸ், ஒரே ஒரு எபிசோட் சொல்லிடுங்கோ. இல்லேன்னா இந்தப் பசங்க மேடையையே பிரிச்சுடுவா."

அவளே மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவள் கையாலேயே.

அந்த நேரம் ராகவாச்சாரி வியர்த்து விறுவிறுத்து என்னைத் தாண்டிப் போனவர், நின்று திரும்பினார். என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். கிட்டே வந்து தணிந்த குரலில், "சார், சொல்றதுன்னா சொல்லுங்கோ. ஆனா இன்னிக்கு ஒரு நாள் பூனை எதையும் தூக்க வேண்டாம். புரியறதோன்னோ?" என்றார். அதற்குள் யாரோ "பூசணிக்காய் எங்கே?" என்று கத்த, ஓடிவிட்டார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அன்றைக்காக நான் யோசித்து வைத்திருந்த அத்தியாயத்தில் ஜரிகைமீசை எதிரியின் கோட்டையிலிருந்து பால்சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தது. விசேஷ வீட்டில், சம்பந்திகள் எதிரில், கதாநாயகன் திருடலாமா? கூடாதுதான். என்ன நாசூக்கான மனிதர் என்று வியந்தேன். எங்கள் ஊரில் "தூக்கிட்டான்" என்றால் திருடிவிட்டான் என்றுதான் அர்த்தம். ராகவாச்சாரியும் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேச ஆரம்பித்துவிட்டாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆகவே திருட்டை அடியோடு எடுத்தேன். அதற்குப் பதில் அதைவிட உயர்ந்ததாக, தர்மம் நிறைந்ததாக ஒரு காட்சியை அந்த இடத்திலேயே கற்பனை செய்தேன். நண்பருக்காக.

"வேகவதி ஆற்றில் வெள்ளம்!" என்று ஆரம்பித்தேன். (தண்ணீரையே காணாத ஆறு அது. கதை கற்பனை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.) பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்தார்கள். "கரையில் ஒரு பூனைக்குட்டி. தாயில்லாத குட்டி. அதற்கு ஓடத் தெரியாது, நீந்தத் தெரியாது, கத்தக்கூடத் தெரியாது. அது ஒன்றுமே செய்யவில்லை, சும்மா கிடந்தது! அப்போது..."

அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வந்தார்கள். முன்னால் முகுந்தனின் பெரியப்பா. உயரமான மனிதர், அகலமான நாமம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். படித்த சபை. எனக்கு உற்சாகம் கரை புரண்டது. குரலை இரண்டு கட்டை ஏற்றினேன்.

"அப்போது பாய்ந்து வந்தான் ஜரிகைமீசை! குட்டி அவனைக் கூப்பிட்டதா? இல்லை! பிடித்துக்கொண்டதா? இல்லை! அவனாகவே வந்தான், தாய்ப்பூனை போல வாயால் மெல்லக் கவ்வினான், வெள்ளத்துக்கு மேலே தூக்கினான்!"

"ஆஹா!" என்றார் பெரியப்பா. அவருக்குப் பின்னால் இரண்டு வரிசை ஆமோதித்தது. எதிர்ப்பக்கத்தில் பெண் வீட்டார் ஏனோ அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கதையில் ஆழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வைதேகி தூண் ஓரத்தில் நின்று இரண்டு கைகளாலும் எனக்கு ஏதோ சைகை காட்டினாள். சத்தம் போதவில்லை போலும் என்று மைக்கை இன்னும் கிட்டே வைத்துக்கொண்டேன்.

"அதே வெள்ளத்தில் கண்ணாடிவர்மனின் ராணியும் தாவினாள். அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குரங்குக் குட்டி. அது பிடித்தது, இறுக்கிப் பிடித்தது, தன் பலத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்தது. என்ன பிரயோசனம்? கை நழுவியது! குட்டி வெள்ளத்தில் விழுந்தது!"

பெண் வீட்டு வரிசைகளில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

பெரியப்பா எழுந்து நின்று கை தட்டினார். "பேஷ்! பேஷ்! நம்ம சம்பிரதாயத்தை நம்ம சம்பந்தியாத்து மேடையிலேயே சொல்லி வரவேற்கறா பாருங்கோ! இவ்வளவு பெரிய மனசு இருக்கும்னு நான் நினைக்கலை!"

மறுபக்கம் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வைதேகியின் சித்தப்பா எழுந்திருந்தார். "ராகவா! யார் பண்ணின ஏற்பாடு இது? நம்மாத்து விசேஷத்துல, நம்ம கண் முன்னாடி, நம்ம குட்டியை ஆத்துல தள்ளறார்! நீ பூசணிக்காயை வெச்சுண்டு நிக்கறே!"

ராகவாச்சாரி நிஜமாகவே பூசணிக்காயை வைத்துக்கொண்டுதான் நின்றார். அவர் முகம் அந்தக் காயைவிட வெளுத்திருந்தது.

இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதை கேட்பவர்களின் உணர்ச்சியைப் படித்துப் பழகிய எனக்கு விஷயம் தெளிவாகவே விளங்கியது. குரங்குக் குட்டி செத்துவிடுமோ என்று அந்தப் பெரியவருக்குத் தாங்கவில்லை. இளகிய மனசு. இரண்டே வரியில் சரி செய்துவிடலாம்.

"பயப்படாதீர்கள்!" என்று அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். "குட்டி சாகவில்லை! மறுபடி தாவித் தாயின் வாலைப் பிடித்துவிட்டது. பிடித்த பிடி விடாமல் கரை சேர்ந்தது!"

சித்தப்பா நாற்காலியை நிமிர்த்தினார். நான் வெற்றிப் பெருமிதத்தோடு பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். பிள்ளைகளுக்கு முழக்கம் வேண்டுமே!

"அதைக் கண்ட ஜரிகைமீசை ஆனந்தத்தில் முழங்கினான்..."

"பாவு அறுந்தாலும் பல் விடாது!" என்று அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள்.

முன்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் கேட்டாள். "தாத்தா, வாயைத் தொறந்து கத்தினா, வாயில இருந்த குட்டி?"

நான் உண்மையான கலைஞன். தர்க்கத்தை ஏமாற்ற மாட்டேன். ஒரு கணம் யோசித்து, மனம் கனக்க, மைக்கில் சொன்னேன்:

"விழுந்துவிட்டது."

இப்போது மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். மொத்தமாக எழுந்தார்கள். பெரியப்பாவின் நாமமே சிவந்துவிட்டது போலிருந்தது. "கூப்பிட்டு உட்கார வெச்சு, முதல்ல ஏத்திவிட்டு, அப்புறம் குட்டியைக் கீழே போடறேளா? விழுமா? எங்க குட்டி விழுமா? டேய் முகுந்தா, டிரைவரை வேனைத் திருப்பச் சொல்லு!"

"திருப்பட்டுமே! யார் தடுத்தா?" என்றார் சித்தப்பா. "நழுவறதாம் பிடி! நாங்க பிடிச்ச பிடி இத்தனை தலைமுறையா நழுவலை!"

அப்புறம் நாம விவகாரம் வந்தது. பத்திரிகை வந்தது. யார் யாருக்கு எந்தக் கல்யாணத்தில் சந்தனம் கொடுக்க மறந்தார்கள் என்பது வந்தது. மாதக்கணக்கில் போட்ட சமரச முடிச்சுகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்வதை நான் மைக்கும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பூனைக்குட்டிக்காக நன்கு படித்த மனிதர்கள் இப்படி உருகுவதை நான் எந்த இலக்கியத்திலும் கண்டதில்லை.

வைதேகி மேடைக்கு வந்தாள். கண்மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"மாமா" என்றாள். "நாங்கதான் குரங்கு."

நான் திடுக்கிட்டேன். "யாரும்மா உங்களை அப்படிச் சொன்னது? சொல்லு, நான் போய்க் கேட்கிறேன்."

"ஐயோ மாமா. நாங்க வடகலை, குரங்கு. அவா தென்கலை, பூனை. உங்களுக்குத் தெரியாதா? நிஜமாவே தெரியாதா?"

அந்தக் கணத்தில் என் காலுக்குக் கீழே வேகவதி ஓடியது. புளியோதரை ஏன் வந்தது, குழுவைவிட்டு ஏன் விலகினார்கள், குரங்கு ஏன் பாவம், பூனை எதைத் தூக்கக்கூடாது, எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் என் நண்பரின் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவர் கொள்கையைச் சாட்டையால் அடித்து வந்திருக்கிறேன். அவர் நாள் தவறாமல் எனக்குச் செய்தித்தாள் கொடுத்து வந்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்தேன். அதையும் மைக்கில்தான் கேட்டேன். "பெரியோர்களே! எனக்கு ஒரு கட்சியும் கிடையாது. குரங்கு என் கண்ணாடியைப் பிடுங்கியது, அதனால் வில்லனாக்கினேன். அதைத் தவிர எந்த உள்நோக்கமும் இல்லை. பூனை என்ன, குரங்கு என்ன, இரண்டும் வெறும் மிருகம்தானே?"

கூச்சல் நின்றது. பயங்கரமாக நின்றது.

"வெறும் மிருகமா?" என்றார் சித்தப்பா.

"வெறும் மிருகமாம்!" என்றார் பெரியப்பா, சித்தப்பாவைப் பார்த்து.

"இருபது வருஷமா இந்தத் தெருவுல இருக்கார், ஓய்."

"புரொபசர்னு வேற சொன்னேளே?"

"இங்கிலீஷ்."

"ஓ" என்றார் பெரியப்பா, எல்லாம் புரிந்தவராக.

அந்த இரண்டு பெரியவர்களும் அன்று ஒத்துப்போன முதல் விஷயம் என் அறியாமை. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். சித்தப்பா குரங்கை விளக்கினார். பெரியப்பா அதில் ஒரு திருத்தம் சொன்னார். பெரியப்பா பூனையை விளக்கினார். சித்தப்பா ஒரு சமஸ்கிருத வரியை எடுத்துக் கொடுத்தார். நான் இடையில் ஒரு சந்தேகம் கேட்டபோது இருவரும் ஒரே குரலில், "நீர் பேசாதேயும்!" என்றார்கள். இரண்டு பக்கத்துக் கூட்டமும் சுற்றி நின்று கேட்டது. வேனைத் திருப்பப் போன டிரைவர்கூட வந்து நின்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் கடிகாரம் நாலே காலைத் தொட்டது. இரண்டு பெரியவர்களும் இப்போதுதான் சூடு பிடித்திருந்தார்கள். ராகு காலத்துக்கு இன்னும் கால் மணி. தாம்பூலத் தட்டுகள் மேடையில் அப்படியே இருந்தன. முகுந்தன் வைதேகியைப் பார்த்தான், வைதேகி அப்பாவைப் பார்த்தாள். ராகவாச்சாரிக்குக் குறுக்கே பேச வாய் வரவில்லை. பேசினால் எந்தப் பக்கம் தீப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குப் பேச அனுமதியே இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரோஜா வந்தாள்.

"சாமி, ரெண்டு பேரும் கோச்சிக்காதீங்க. ராகு காலம் வந்துக்கினு இருக்குது. மொதல்ல தட்டு, அப்புறம் திட்டு. தட்ட மாத்திட்டு வந்து ராத்திரி வரிக்கும் திட்டுங்க. இந்த மனுசன் எங்கியும் ஓடமாட்டாரு, நான் புடிச்சிக்கினு இருக்கேன்."

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். "பிடிச்சுக்கறேன்னு சொல்றாளே, இந்தம்மா உங்க கட்சி போலிருக்கே!" என்று சித்தப்பாவின் தோளில் தட்டினார். சரோஜா அதற்குள் என் சட்டைக் காலரைப் பிடித்து என்னை ஓரமாக இழுத்துப் போனாள்.

"இழுத்துண்டு போறதப் பார்த்தா உங்க கட்சி" என்றார் சித்தப்பா.

நாலு இருபதுக்குத் தட்டு மாறியது. டீ குடித்துவிட்டு வந்திருந்த நாதஸ்வரக்காரர்கள், நடந்தது ஒன்றும் தெரியாமல், வெளுத்து வாங்கினார்கள். அதன் பிறகு, சொன்ன சொல் தவறாமல், டிபன் முடியும் வரை இரண்டு பெரியவர்களும் என்னைத் திட்டினார்கள். கேசரி இனித்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ராகவாச்சாரி வீட்டிலிருந்து செய்தித்தாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. தட்டு மாறிவிட்டதால் என் தப்பு மறந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். சொந்தக்காரர்கள் எதிரில், அத்தனை நாளும் தலை குனியாத ஒரு மனிதரைப் பூசணிக்காயோடு நிற்க வைத்தேனே, அது எந்தத் தட்டிலும் மாறவில்லை. அந்த வாரக் கடைசியில் மைக் இல்லாமல், சட்டைக்கு மேல் துண்டுகூட இல்லாமல், அவர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

"தப்பு என்னுடையது சார். பக்கத்திலேயே இருந்தும் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை."

அவர் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துப் பேசினார். "தூக்க வேண்டாம்னு சொன்னேனே சார்."

"திருட வேண்டாம் என்று நினைத்தேன் சார்."

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "திருடவா?" என்றார். தோள் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடி "திருடவா?" என்று கேட்டார். பிறகு உள்ளே போய், ஒரு வாரச் செய்தித்தாள்களையும் கட்டாகக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "எடுத்துண்டு போங்கோ. ஒரு நாள் குறுக்கெழுத்தும் முடிக்க முடியலை."

ஜரிகைமீசைக்கு வில்லனை மாற்ற வேண்டியதாயிற்று. பல்லியை வைக்கலாமா என்று சரோஜாவிடம் கேட்டேன். "பல்லியா? இந்த ஊர்லயா? கோயிலுக்கு வர்றவங்க அத்தனை பேரும் தங்கப் பல்லியத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாங்க. நீங்க அத வில்லனாக்கிட்டு எங்க குடியிருக்கப் போறீங்க?" என்றாள். யானையை யோசித்தேன். கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டு வரை போன ஊராம் இது. யோசித்ததோடு விட்டுவிட்டேன். இப்போது வில்லன் கொசு. எந்தச் சம்பிரதாயத்திலும் கொசுவுக்கு ஆதரவு இல்லை என்று இரண்டு கலைப் பெரியவர்களிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். விலகிய வீடுகள் குழுவுக்குத் திரும்பிவிட்டன. புளியோதரை நின்றுவிட்டது.

"மொதல்ல தட்டு, அப்புறம் திட்டு" என்பது இரண்டு குடும்பத்துக்கும் வேதவாக்காகிவிட்டது. வைதேகிக்கும் முகுந்தனுக்கும் சண்டை வந்தால், யார் கோபமாக இருந்தாலும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டமாம். என் வீட்டிலும் அதே சட்டம்தான். தோசை சற்று முறுகலாக, கேட்காமலே நெய்யோடு வந்தால், அன்று நான் ஏதோ செய்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்வேன்.

வைதேகியின் குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. அது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டால் ராகவாச்சாரி, "பார்த்தேளா, எங்காத்துக் குழந்தை!" என்பார். தூங்கிப்போய்த் தோளில் துவண்டு கிடந்தால் முகுந்தனின் பெரியப்பா வீடியோ அழைப்பில், "நம்ம குழந்தை!" என்பார். போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது அது தட்டுத்தடுமாறி எங்கள் வீட்டுக்குள் வந்து, என் எதிரில் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி ஒரே வார்த்தை சொன்னது.

"தூக்கு."

நான் பயந்துபோய் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தேன். பிறகு சரோஜாவைப் பார்த்தேன்.

"தூக்குங்க, தூக்குங்க" என்றாள் அவள். "ஆனா வாயத் தொறக்காதீங்க."